முப்பத்தோராம் பாட்டில்

பள்ளி அறிவியல் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுகிற மனுஷர் அவர். பிள்ளைகள் வைத்த பெயர் சோடியம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே பற்றிக்கொள்ளும் உலோகமாம் அது. யாராவது ஈரக் கையை மேசையில் வைத்துவிட்டால் தீர்ந்தது, மனுஷர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அடுத்த நிமிஷமே தன் துண்டை எடுத்து அந்தக் கையைத் துடைத்துவிடுவதும் அவர்தான்.

அவருக்கு ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன் கைக்குழந்தையும் கணவனுமாக வந்தாள். குழாயை மூடாமல் விட்டதற்காக மாப்பிள்ளையை இவர் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். அன்றே பேத்திக்கு வயிறும் கெட்டது. மறுநாள் கிளம்பினார்கள், அதோடு சரி. ஒவ்வொரு விடுமுறைக்கும் இவர் போன் போடுவார், மகளிடமிருந்து வருவது ஒரே பதில்.

"அங்க தண்ணி பாப்பாவுக்கு ஒத்துக்கலப்பா. அடுத்த லீவுக்குப் பாக்கலாம்."

மாப்பிள்ளையைத் திட்டியதைப் பற்றி அவள் வாயில் ஒரு வார்த்தை வராது. தண்ணீர்தான் காரணம் என்று நம்பத்தான் இவருக்கும் ஆசை. பேத்திக்கு இப்போது பேச்சு வந்திருக்கும், தன்னை என்னவென்று கூப்பிடுவாளோ என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வாரம் வகுப்பில் தண்ணீர்ப் பரிசோதனை. மருந்துத் தாள் போட்ட சின்ன பாட்டிலில் வீட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி, மூன்று நாள் அலமாரியில் வைக்க வேண்டும். கிருமி இருந்தால் கறுத்துவிடும். முப்பது பிள்ளைகள், முப்பது பாட்டில். சத்தம் போடாமல் இவர் தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றி முப்பத்தொன்றாவதை வைத்தார்.

பிள்ளைகளெல்லாம் கறுக்கக் கூடாது என்று வேண்ட, இந்த மனுஷர் மட்டும் கறுத்துத் தொலையேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். கறுத்துவிட்டால் தொட்டியைத் தேய்த்துக் கழுவலாம், குழாயையே மாற்றலாம். அப்புறம் அவள் வராமல் என்ன செய்வாள்?

மூன்றாம் நாள் டீச்சர் அலமாரியைத் திறந்தார். பதினொரு பாட்டில் கறுத்திருந்தது.

"முப்பத்தொண்ணு யாருது?"

"என்னோடதுதான் டீச்சர்."

"பாருங்க, கொஞ்சம்கூட கறுக்கல. உங்க வீட்டுத் தண்ணில ஒரு குறையும் இல்ல."

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் பாட்டிலை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் திருப்பினார், கவிழ்த்தார், மறுபடி திருப்பினார்.

"சிலது லேட்டா கறுக்கும்ல டீச்சர்? இன்னும் ஒரே ஒரு நாள் வச்சுப் பாத்துடலாமே."