நோயாளிக்கும் வாய் உண்டு

என் அண்ணி ஸ்பானிஷ் டீச்சர். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு அந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுப்பவர். அதே பயிற்சி மையத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். அங்கே நடக்கும் கூத்தெல்லாம் என் கண்ணில் படாமல் போகாது.

பாஸ்டியா என்றால் மாத்திரை. ஹராபே என்றால் சிரப். தோமே என்றால் சாப்பிடுங்கள், ஃபிர்மே என்றால் கையெழுத்துப் போடுங்கள். நிர்வாகி வகுத்த பாடம் மொத்தமும் இப்படித்தான். நர்ஸ் பேசிக்கொண்டே இருப்பார், நோயாளி வாயே திறக்க மாட்டார். நோயாளி என்ன மரக்கட்டையா? 'வலிக்கிறது', 'தலை சுற்றுகிறது', 'இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்பதையும் அண்ணி சத்தமில்லாமல் சேர்த்துவிடுவார். நிர்வாகிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, கூப்பிட்டுவிட்டார்.

"அதெல்லாம் பரீட்சைல வராது மேடம். ஊசி போடத் தெரிஞ்சவங்களுக்கு நாலு வார்த்தை போதும். சும்மா நேரத்தை வீணாக்காதீங்க."

அண்ணனுக்கு வேலை போயிருந்த சமயம். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வகுப்பை நிர்வாகி சொன்னபடியே முடித்தார்.

அதில் படித்துப் போன பெண் ஒருத்தி அண்ணிக்குப் போன் செய்து தேம்பித் தேம்பி அழுதாள். ஊசி போட்டுக்கொண்ட ஒரு அம்மா "மே பிக்கா, மே பிக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அரிக்கிறது என்று அர்த்தம். மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த அம்மா வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இவளோ ஊசி வலியாக்கும் என்று நினைத்து, கற்றபடி "ரெஸ்பிரே, மூச்சு விடுங்க" என்று சிரித்திருக்கிறாள். முகம் வீங்கி மூச்சு அடைத்த பிறகுதான் டாக்டர் ஓடி வந்தார். உயிர் தப்பியது பெரிய விஷயம்.

நிர்வாகியிடம் நான்தான் சொன்னேன்.

"பொழச்சுட்டாங்கல்ல? அப்புறம் என்னப்பா?"

அதோடு விட்டாரா? 'எங்கள் வெற்றி' என்று அந்தப் பெண்ணின் படத்தைப் பெரிதாக என் மேசைக்குப் பின்னால் மாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வகுப்பின் முதல் நாள். அண்ணி மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நோயாளி மாதிரி பெஞ்சில் படுத்துக் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "மே பிக்கா" என்றார். அரிப்பு என்று சற்று முன்புதான் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. சத்தம் கேட்டு நிர்வாகி உள்ளே வந்தார்.

"என்ன மேடம் இது அசிங்கம்? எழுந்திரிங்க. இல்லேன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அண்ணி எழுந்திருக்கவில்லை. "மே பிக்கா" என்றார் மறுபடியும், இன்னும் சத்தமாக.

முன்வரிசைப் பெண் ஒருத்தி நிர்வாகியைச் சுற்றிக்கொண்டு வந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். "மருந்தை நிறுத்தணும். உடனே டாக்டரைக் கூப்பிடணும்."

"நீ பாஸ்மா" என்று சொல்லி எழுந்த அண்ணி, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி நிர்வாகியின் கையில் கொடுத்துவிட்டு அண்ணியோடு கிளம்பினேன்.