மண் தொட்டியில் ஒரு கழிமுகம்

விலங்கியல் ஆசிரியை என்பவள் பாதி நேரம் பாடம் நடத்துகிறவள், மீதி நேரம் தன் மேல் வீசும் ஃபார்மலின் வாடைக்காக மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறவள். சுண்ணாம்புத் தூளில் வயதைக் கரைத்தவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் விலங்கியல் படித்தவள் நான். மேலே ஆராய்ச்சி செய்யும் ஆசை இருந்தது. அப்பாவுக்குக் கண் மங்கியதும் ஊருக்குத் திரும்பினேன். ஆசையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூட்டுக்குக் குறைவில்லாத ஊர்தானே. பள்ளியில் கிழக்கு மூலையில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதை உயிரியல் வகுப்புக்குக் கேட்டேன். தலைமையாசிரியை கெட்டவர் அல்ல, கணக்குப் பார்ப்பவர். “ஒரு வருஷம் நடத்துங்க டீச்சர். இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து பாத்துச் சரின்னா இருக்கட்டும். இல்லேன்னா அது தையல் வகுப்பு. நீங்க சுகாதாரப் பாடம் எடுத்துக்கங்க” என்றார். தையல் மெஷின்கள் அப்போதே வந்து, சாக்குப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தன. அந்த ஒரு வருஷத்தில் நடந்தவைதான் இவை.

ஆறு எங்கே முடிகிறது?

பாடப் புத்தகத்தில் கழிமுகத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஆறு கடலில் சேரும் வாய். அன்றாடம் இரண்டு முறை கடல் அதற்குள் ஏறி வரும், இரண்டு முறை வற்றிப் போகும். ஒரு வேளை உப்பு, மறு வேளை நல்ல தண்ணீர். ஒரு வேளை வெள்ளம், மறு வேளை வெறும் சேறு. இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற செடியும் பிராணியும்தான் அங்கே பிழைக்கும். கல்லூரி நாட்களில் ஒரு முகாமில் புன்னைக்காயல் பக்கம் முழங்கால் சேற்றில் நின்று நான் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தில் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பிள்ளைகள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் புரியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

பஞ்சவர்ணம் என்ற பெண்ணை எழுப்பினேன். நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. வகுப்புக்கே தினமும் மல்லிகை கொண்டுவருவாள். “உங்கள் ஊர் ஆறு எங்கே போய்ச் சேருகிறது?” என்று கேட்டேன்.

“எங்க ஆறு எங்கயும் போறதில்ல டீச்சர். மழை பேஞ்சா ரெண்டு நாளு வரும். பெறகு மணலுக்குள்ளயே படுத்துக்கிரும்.”

கூடையின் அடியில்

சொல்லிப் புரியாததைக் காட்டிப் புரியவைக்கலாம் என்று மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். தூத்துக்குடியிலிருந்து ரயிலில் ஐஸ் போட்டு வரும் கூடைகளை அங்கே ஒரு மீன்கார ராவுத்தர் பிரிப்பார். மீனோடு மீனாக அடியில் வந்து கிடக்கும் கழிவெல்லாம் எனக்கு வேண்டும். ஜெல்லி போல் வழவழவென்று ஒரு சொறிமீன், வாலைச் சுருட்டிக்கொண்டு காய்ந்துபோன ஒரு கடல்குதிரை, மரத்துண்டில் ஒட்டிக்கொண்ட கொட்டலசு. கொட்டலசைச் சிப்பி என்று நினைப்பீர்கள். உண்மையில் அது நண்டின் உறவு. குஞ்சாக நீந்தித் திரிந்துவிட்டு, ஒரு நாள் தலையை ஏதோ ஒன்றில் ஒட்டவைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஆயுள் முழுக்க அந்த இடம்தான். காலால் தண்ணீரைத் துழாவித் துழாவி இரை தேடும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் ஞாபகம் வரும்.

ராவுத்தர் நல்ல மனிதர். வஞ்சிரத்தையும் கொடுவாவையும் ஒதுக்கிவிட்டு, நான் குனிந்து குப்பையைப் பொறுக்குவதைப் பல வாரம் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் அவருக்குத் தாங்கவில்லை.

“ஏம்மா, மீனைத் தவிர அம்புட்டையும் அள்ளிட்டுப் போறீகளே, வீட்டுல என்னத்தத்தான் வெஞ்சனம் வைக்கிறீக?”

உப்புக் காய்க்கும் இலை

தூத்துக்குடியில் ஆசிரியையாக இருந்த என் கல்லூரித் தோழி, ராவுத்தர் கூடையிலேயே ஒரு தடவை அலையாத்திக் கிளை வைத்து அனுப்பினாள். கழிமுகத்துச் சேற்றில் நிற்கிற மரம் அது. சேற்றுக்குள் மூச்சு முட்டும் என்பதால் வேரின் நுனிகளைப் பென்சில் நட்டுவைத்தது போல் மேலே நீட்டி மூச்சு வாங்கும். குடிப்பது உப்புத் தண்ணீர். வேண்டாத உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும். வந்து சேர்ந்தபோது ஈரம் காய்ந்து, இலைமேல் பொடிப்பொடியாக வெள்ளை மின்னியது. ஆளுக்கு ஓர் இலை கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம் கண்கள் விரிந்தன. முப்பது வாய்களில் ஒரே நேரத்தில் கடல் கரைந்த அந்த நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மிச்சக் கிளையை இன்ஸ்பெக்ட்ரஸுக்குக் காட்ட வேண்டும் என்று பத்திரமாக வைத்தேன். மறுநாள் மதியம் பார்த்தால் குச்சி மட்டும் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே மாங்கொட்டைகள் கிடந்தன. விசாரித்தபோது பஞ்சவர்ணம்தான் வகுப்பின் சார்பில் எழுந்து நின்றாள்.

“மாங்காய் கெடைச்சுது டீச்சர், உப்புதான் கொண்டாரல.”

தொட்டிக்குள் ஏற்றவற்றம்

கோடைக்கு முன்னால் தோழி ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையக் கழிமுகத்துச் சேறும், இன்னொரு டின்னில் தண்ணீரும், ஈரச் சாக்கில் சுற்றி ஒரு உயிர் நண்டும் அனுப்பினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சேற்று நண்டு. ஆண். ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிது, மற்றது பேருக்கு ஒன்று. பெரிய கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிப் பெட்டையைக் கூப்பிடும். எங்கள் வகுப்பில் பெட்டை நண்டு இல்லை. ஆனாலும் அது ஆட்டிக்கொண்டுதான் இருந்தது.

மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் அகன்ற மண் தொட்டி ஒன்றில் ஒரு பக்கம் சேற்றைச் சரிவாக அணைத்து, மறு பக்கம் தண்ணீர் விட்டோம். அடுத்தது ஏற்றவற்றம், கடல் ஏறுவதும் வற்றுவதும். இங்கே அதற்குக் கடலுமில்லை, தண்ணீரை இழுக்க நிலாவுக்கு வேலையுமில்லை. ஆகவே பிள்ளைகளே கடல் ஆனார்கள். முறை வைத்துக்கொண்டு இரண்டு பேர் காலை மணி அடித்ததும் தண்ணீரை ஊற்றிச் சரிவை மூழ்கடிப்பார்கள். மதிய மணிக்கு மொண்டு வாளியில் எடுத்து வைப்பார்கள். “இன்னைக்கு நாங்கதான் கடலு” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். பார்க்க வேண்டுமே!

எங்கள் பள்ளி ஆயா சந்தனத்துக்கு இது பொறுக்கவில்லை. திண்டுக்கல்லில் நல்ல தண்ணீர் என்பது குடத்தை இடுப்பில் வைத்து நடந்துபோய்க் கொண்டுவருகிற பொருள். அப்படிக் கொண்டுவந்ததில் ஒரு செம்பை யாருக்கும் தெரியாமல் தினமும் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். நான் பதறிப்போனேன். ஆனால் நண்டு திடமாகத்தான் இருந்தது. மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தையே தாங்குகிற பிராணி அது. ஒரு செம்பைத் தாங்காதா? ஊற்றக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். சந்தனம் என்னை ஒரு கல்நெஞ்சுக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

“உப்புத் தண்ணிய வச்சா மாடே மூஞ்சியத் திருப்பிக்கிருது. இந்த வாயில்லா சீவன் யாருகிட்டப் போயிச் சொல்லும்?”

யாருடைய மணி?

நண்டு தண்ணீர் வற்றும்போது வளையிலிருந்து வெளியே வந்து சேற்றைப் பொறுக்கித் தின்னும். எங்கள் மதிய மணிக்கு அது வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. தனக்குத் தோன்றியபோது வந்தது. பஞ்சவர்ணம்தான் கவனித்துச் சொன்னாள்: “டீச்சர், முந்தாநேத்து தமிழ் வகுப்புல வந்துச்சு. நேத்து அதுக்கு அடுத்த வகுப்புல. இன்னைக்கு அதுக்கும் அடுத்த வகுப்புல.” எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலில் ஏற்றவற்றம் தினமும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப்போகும். ஏறக்குறைய ஒரு பாடவேளை. மலைக்கோட்டையின் நிழல் விழும் ஊரில், தோல் பதனிடும் வாடைக்கு நடுவில், ஒரு மண் தொட்டிக்குள் இருந்துகொண்டு அந்த நண்டு தன் ஊர்க் கடலின் நேரத்தைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அடித்த மணியை அது சட்டை செய்யவே இல்லை.

அன்று சாயங்காலம் அறையைப் பெருக்க வந்த சந்தனத்திடமும் சொன்னேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். அவளுக்குப் பிறந்த ஊர் கீரனூர் பக்கம்.

“வாக்கப்பட்டு வந்த புதுசுல நானும் இப்படித்தேன் டீச்சர். எங்க ஊருல மாடு திரும்புற நேரத்துக்கு இங்கன வாசலுக்கு வந்து நிப்பேன்.”

கணக்கு வகுப்பின் புகார்

நண்டின் நேரப்படியே தண்ணீரை ஏற்றி இறக்குவது என்று முடிவு செய்தோம். விளைவு, கடலாக இருந்த இரண்டு பெண்கள் ஒரு நாள் தமிழ் வகுப்பிலிருந்து எழுந்து போனார்கள், மறுநாள் சரித்திரத்திலிருந்து, அதற்கு மறுநாள் கணக்கிலிருந்து. கணக்கு டீச்சர் நேரே தலைமையாசிரியையிடம் போய்விட்டார். எனக்கு அழைப்பு வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அடுத்த வாரம் வருகிறார் என்ற செய்தியும் அதோடு வந்தது. வராந்தா மெஷின்களின் மேலிருந்த சாக்கை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை என்னிடம் கேட்டது ஒன்றே:

“நண்டுக்குக் கடல் வேணும், சரி. கணக்கு டீச்சருக்குப் பிள்ளைக வேணாமா?”

இழவு வீடு

அந்த வாரம் நண்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டது. தமிழ் வகுப்பிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. தொட்டியில் போட்டிருந்த கூரை ஓட்டுத் துண்டுக்கு அடியில் போய்விட்டது என்றார்கள் பிள்ளைகள். ஜாடிகளில் செத்த பிராணிகள் எந்தப் பள்ளியிலும் உண்டு. எங்களிடம் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்த அன்று நான் அவரை வாசலில் வரவேற்று, தலைமையாசிரியையோடு அறைக்கு அழைத்துப் போனேன். அறையில் ஒரு பிள்ளைகூட இல்லை. பின்பக்க வேப்ப மரத்தடியில் கூட்டம். நெருங்கிப் போனபோது அழுகைச் சத்தம். சந்தனம் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் தன் தலைப் பூவை எடுத்து ஒரு பவுடர் டப்பாவுக்குள் வைத்திருந்தாள்; பூவுக்கு நடுவே நண்டு, பெரிய கொடுக்கு மடங்கி, அசையாமல். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கம் மெழுகுவத்தி பிடித்துச் செபம் சொன்னார்கள். மறுபக்கம் இரண்டு பேர் ஒரு கிண்ணத்தில் பாலோடு நின்றார்கள். “காலையில வந்து பாத்தோம் டீச்சர், கவுந்து கெடந்துச்சு” என்று பஞ்சவர்ணம் தேம்பினாள். தலைமையாசிரியையின் முகம் சிவந்துபோயிற்று. என் ஒரு வருஷம் அந்தப் பவுடர் டப்பாவுக்குள் கிடப்பதை நின்று பார்த்தேன்.

கடைசியாக ஒரு தடவை கையில் எடுத்தேன். எடை இல்லை. காய்ந்த பூவிதழ் போல் இருந்தது. திருப்பினேன், முதுகுப் பக்கம் பின்னால் ஒரு நீளப் பிளவு. உள்ளே ஒன்றுமே இல்லை. இதை நான் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் இருப்பதையும் மறந்து அறைக்கு ஓடினேன். எல்லோரும் என் பின்னால் ஓடிவந்தார்கள். ஓட்டுத் துண்டை மெல்லத் தூக்கினேன். அடியில், பழையதைவிடச் சற்றே பெரிதாக, நிறம் வெளிறி, பெரிய கொடுக்கைத் தூக்கக்கூடத் திராணி இல்லாமல், எங்கள் நண்டு உட்கார்ந்திருந்தது. வளர வேண்டுமானால் நண்டு தன் ஓட்டைக் கழற்றிப் போட வேண்டும். கண்ணின் மேல்தோல் முதல் கால் நுனி வரைக்கும் எதையும் விடாமல் கழற்றும். பிள்ளைகள் இவ்வளவு நேரம் அழுதது அதன் பழைய சட்டைக்கு.

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டார். “மெத்து மெத்துனு இருக்கே!” என்றார். “புது ஓடு இறுகுகிற வரை அப்படித்தான் அம்மா. அதுவரை ஒளிந்துதான் கிடக்கும். யார் தொட்டாலும் தாங்காது” என்றேன். அவர் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். பஞ்சவர்ணத்தைப் பார்த்து, “அழுதியே, இப்ப என்ன செய்யப்போற?” என்று கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தச் சட்டையப் புதைக்க வேணாம்மா. எப்படிக் கழட்டுச்சுன்னு பாக்கணும்” என்றாள். இன்ஸ்பெக்ட்ரஸ் தலைமையாசிரியையிடம் திரும்பி, “ஓடு இறுகுற வரைக்கும் இந்த அறையைக் கலைக்க வேண்டாம். அப்படியே என் அறிக்கையில எழுதிட்டுப் போறேன்” என்றார்.

தலைமையாசிரியை விடவில்லை. மெஷின்கள் வராந்தாவில் நிற்கின்றனவே! “ஓடு இறுகுறதுக்கு எம்புட்டு நாளாகும் டீச்சர்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்ட்ரஸ் முந்திக்கொண்டார்.

“அதை டீச்சர் சொல்றப்போ நாம கேட்டுக்குவோம்.”

நான் ஓய்வு பெறுகிற வரையில் அந்த ஓடு இறுகிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.