ஏரியைப் பார்த்துக் கட்டிய ஸ்பீக்கர்

எங்கள் தொழிலுக்கு அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். ரேடியோ செட்டுக்காரன் என்பார்கள், மைக் செட்டு என்பார்கள், சிலர் பாட்டுக்காரன் என்றே கூப்பிடுவார்கள். நான் ஒரு வரி பாடினால் படுத்திருக்கும் தெருநாய்கூட எழுந்து போய்விடும். என்னைப் போய்ப் பாட்டுக்காரன் என்றார்கள். ஓர் ஆம்பிளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், தட்டு சுற்றும் பெட்டி, கரண்ட் இல்லாத இடத்துக்கு லாரி பேட்டரி, அப்புறம் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. இவ்வளவையும் தள்ளுவண்டியில் ஏற்றினால் அதுதான் என் முழுச் சொத்து. கல்யாண மாதங்களில் காஞ்சிபுரத்தின் எந்தத் தெருவிலாவது அந்த வண்டி நின்றுகொண்டிருக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. என் கால் மட்டும் தறிக்குழிக்குள் நிலைக்கவில்லை. "பட்டு நெய்றவன் வூட்ல பிளேட்டு தேய்க்கிறவன் பொறந்துக்கிறான்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சாயங்காலமானால் என் அறைப் பக்கம் வந்து நின்று, புதுத் தட்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று எங்கோ பார்த்துக்கொண்டு விசாரிப்பார். நான் போட்டுக் காட்டுவேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "கழுத பாட்டு" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாளும் வருவார்.

பாட்டுப் போடுவது சுலபம். முதல் தட்டு பிள்ளையார் பாட்டு, அப்புறம் வரிசையாக சினிமாப் பாட்டு. தாலி கட்டும் நேரத்தில் தட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கெட்டிமேளத்தின் மேல் காதல் பாட்டு விழுந்து அய்யர் முறைப்பார். கஷ்டமெல்லாம் குழாயை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்பதில்தான். எங்கள் தெருக்களில் எல்லாருக்கும் அது தங்கள் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். நெய்கிறவனுக்குக் கையும் காலும் வேலையில் இருக்கும், காது சும்மாதானே இருக்கிறது.

"யப்பா, எங்க வூட்டுப் பக்கம் கொஞ்சம் திருப்பேன். முந்தி போட்டுக்கினு இருக்கேன், நாளைக்கு தறிலேர்ந்து சேலை அறுக்கணும். பாட்டு கேட்டா கை தானா ஓடும்" என்று ஒருவர் வருவார். திருப்பிவிட்டு இறங்குவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு நிற்பார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பெற்றவர் ஒருவர் வந்து, எந்தப் பக்கமும் வேண்டாம், கழற்றிவிடு என்பார். ஏணியில் ஏறி இறங்கியே எனக்குத் தொப்பை போடவில்லை என்று என் மனைவி சொல்வாள். இப்போது யோசித்தால் அந்தச் சண்டைகள் எல்லாமே இனிக்கின்றன. ஊரே என் பாட்டுக்காக அடித்துக்கொண்டது, வேறென்ன வேண்டும்?

இதில் ஒன்றை மட்டும் யாரும் மாற்றக் கூடாது. ஒரு குழாய் மாப்பிள்ளை வீட்டார் வரும் வழியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பாட்டு காதில் விழ வேண்டும். விழாவிட்டால், பெண் வீட்டார் மதிக்கவில்லை என்று சம்பந்தியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்புறம் அந்த முகத்தை இறக்கி வைக்க எந்தப் பாட்டாலும் முடியாது.

பாட்டைவிட எனக்குப் பிடித்தது மைக்தான். "மணமகளின் தந்தை திரு இன்னார் அவர்கள் சார்பாக உங்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன். வருஷம் முழுக்கப் பட்டு முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் மனிதர், தன் பெயருக்கு முன்னால் திருவும் பின்னால் அவர்களும் சேர்ந்து தெரு முழுக்க ஒலிப்பதைக் கேட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். அதைப் பார்ப்பதற்காகவே நான் கூடுதலாக இரண்டு தடவை சொல்வேன்.

அப்படி நான் சொல்வதைக் கேட்டுத்தான் அந்த மனிதர் என்னைத் தேடி வந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நல்ல உயரம், பேச்சில் கூச்சமே கிடையாது. டவுனுக்கு வெளியே, ஏரியை ஒட்டிய ஓர் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்த மாதிரி ஊர்கள் நிறைய இருந்தன. விவசாயக் குடும்பங்கள் இருக்கும் பக்கத்துக்கு ஊர் என்று பெயர். வயலைத் தாண்டித் தள்ளி இருக்கும் குடிசைகளுக்குக் காலனி என்று பெயர். இவர் காலனிக்காரர்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிக்கிறேன் தம்பி. உன் செட்டுதான் வேணும். பாட்டு நீ எது போட்டாலும் சரி. மைக்குல பேர் சொல்லுவியே, அது மட்டும் கரெக்டா சொல்லணும். முன்னால திரு, பின்னால அவர்கள்."

"எல்லாருக்கும் அப்படித்தானே சொல்றேன்?"

"ஊருக்குக் கேக்கணும்பா. அதான் விஷயம். எங்க ஊர்ல பொடிப் பையன்கூட என்ன வாடா போடான்னுதான் கூப்புடுவான். எங்கப்பனையும் அப்படித்தான் கூப்ட்டாங்க. ஒரே ஒரு நாள் அவங்க காதுல வுழட்டும். அதுக்கப்புறம் எப்படி வேணா கூப்ட்டுக்கட்டும்."

இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் நிற்பது ஊருக்குள். மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் இறங்கி வர வேண்டும். வழக்கப்படி குழாயைக் கட்டினாலே அது ஊரைப் பார்த்துத்தான் இருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவரிடமும் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் போய், குடிசைக்குப் பக்கத்துப் பனைமரத்தில் இரண்டு குழாயையும் கட்டி, பிள்ளையார் பாட்டைப் போட்டேன். அது முடிவதற்குள் ஊர்ப் பெரியவர் வயல் வரப்பில் நடந்து வந்துவிட்டார். அங்கே பாதி நிலம் அவருடையது. எனக்கும் தெரிந்தவர், அவருடைய மூத்த மகன் கல்யாணத்துக்கு நான்தான் செட் போட்டேன். காலனிக்குள் வராமல் வரப்பிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"பாட்டு போட்டுக்கோப்பா, நான் வாணாம்னு சொல்லல. கொழாய மட்டும் அந்தாண்ட திருப்பிடு. ஏரியப் பாத்து."

"மாப்ள வூட்டுக்காரங்க இந்தப் பக்கந்தானே வர்றாங்க? அவங்களப் பாத்துக் கட்டுறதுதான வழக்கம்?"

"வழக்கம் நம்மளுக்கு. இவனுங்களுக்கு இன்னா வழக்கம்? பேரு கீரு சொல்றதெல்லாம் அவனுங்களுக்குள்ள வச்சிக்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மார்க்கெட்டில் நிமிர்ந்து நின்று பேசிய மனிதர், அங்கே தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றார்.

"திருப்பிடு தம்பி. நாளைக்கு நீ போயிடுவ. நாங்க இங்கதான இருக்கணும்."

ஏறினேன். அந்த வருஷம் நல்ல மழை. ஏரி கரை முட்டத் தண்ணீர் நின்றது. அந்தப் பக்கம் நாரைகளையும் நீர்க்காகங்களையும் தவிர ஒரு ஜீவன் இல்லை. இரண்டு குழாயையும் அவிழ்த்துத் தண்ணீரைப் பார்த்துக் கட்டினேன். கீழே அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எத்தனையோ பேருக்காக எத்தனையோ தடவை குழாயைத் திருப்பியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏணி மேலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பொழுது விடிந்ததும் மைக்கைக் கையில் எடுத்தேன். வீம்புதான். ஆம்பிளிஃபையரை எவ்வளவு தூரம் திருகலாமோ அவ்வளவு தூரம் திருகிவிட்டு, "மணமகளின் தந்தை, பெருமதிப்பிற்குரிய திரு" என்று ஆரம்பித்து அவர் பெயரை முழுதாகச் சொல்லி, "அவர்கள்" என்று அழுத்தி முடித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் சொன்னேன். நாரைகளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று மனதுக்குள் கருவிக்கொண்டேன். பஸ்ஸில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார், பாட்டு ஏன் சன்னமாகக் கேட்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வரப்பில் நடந்து வந்தார்கள். பெண்ணின் அப்பா அவர்களைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"ஊர்ல கேக்குதா தம்பி?"

"இந்தப் பக்கம் திருப்பியிருந்தா கேட்டிருக்கும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் பந்திக்கு இலை போடப் போனார்.

தண்ணீரின் மேல் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. தறித் தெருவிலேயே குழாய் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும்? அக்கரையில் ஊர்கள் இருக்கின்றன என்பதைக்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தாலி கட்டி முடிந்ததும், அப்போதுதான் புதிதாக வந்திருந்த நீளமாக ஓடும் பெரிய தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, டீ குடிக்க ஊருக்குள் போனேன். கடை பெஞ்சில் ஊர்ப் பெரியவர் இன்னும் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். அங்கிருந்து கேட்டால் பாட்டு எங்கோ கிணற்றுக்குள் ஓடுவது போலத்தான் இருந்தது. டீ கசந்தது.

அப்போது ஏரிக்கரைப் பாதையில் ஒரு வளையல்கார பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஒரு ஐஸ்காரர், ஒரு பலூன்காரர். அந்தக் காலத்தில் இவர்களுக்கெல்லாம் குழாய் சத்தம்தான் அழைப்புப் பத்திரிகை. எங்கே பாட்டு கேட்கிறதோ அங்கே கூட்டம் இருக்கும், வியாபாரம் இருக்கும். பாய் சைக்கிளை நிறுத்திவிட்டு, இருப்பதிலேயே பெரிய மனிதராகத் தெரிந்தவரிடம் நேராக வந்து சலாம் வைத்தார். மூட்டைக்காரரின் பெயரை, முன்னால் திரு, பின்னால் அவர்கள் எதையும் விடாமல் முழுசாகச் சொல்லி, "அவங்க வூட்டுக் கல்யாணம் எங்கங்க நடக்குது?" என்று கேட்டார்.

"யாரு?" என்றார் பெரியவர்.

காது கேட்கவில்லையோ என்று பாய் இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். "இந்த ஊருதானுங்களே? காலையிலேர்ந்து அக்கரை பூரா அவங்க பேருதான் கேட்டுக்கினு இருக்குது. யாரு அந்தப் பெரிய மனுஷர்னு எங்க மளிகைக்கடைக்காரர்கூட விசாரிச்சாருங்க."

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கிளாஸைப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த மற்ற இருவரும் பெரியவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

"தெரியலன்னா பரவால்ல பெரியவரே" என்றார் ஐஸ்காரர். "டீக்கடைல வேற யாரையாச்சும் கேட்டுக்கிறோம்."

தன் ஊரில் ஒரு வீட்டைத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? மெதுவாகக் கையைத் தூக்கி வயல் பக்கம் நீட்டினார். "தோ, அந்த வரப்பு மேல போங்க. பனைமரம் தெரியுது பாரு, அந்த வூடு." பாய் மறுபடியும் சலாம் வைத்தார்.

பின்னால் அந்தப் பெரியவர் தன் அடுத்த மகன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு, குறுக்கு வரப்பில் விழுந்தடித்து ஓடினேன். பெண்ணின் அப்பா சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"யாரக் கேட்டாங்க?"

"அவரயேதான். உங்க பேரச் சொல்லி, திரு, அவர்கள் எல்லாம் போட்டு. ரெண்டு தடவ."

"அவுரு இன்னா சொன்னாரு?"

"கைய நீட்டி வழி காட்டினாரு."

இலைகளைக் கீழே வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வாம்மே. தம்பி சொல்றதக் கேளு. நீ முதல்லேர்ந்து சொல்லுப்பா." நான் முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா ஈரக் கையோடு நின்று கேட்டார். "நம்ம வூட்டுக்கா வழி காட்டினாரு?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து அதையே மறுபடியும் கேட்டார்.

அதற்குள் வரப்பில் சைக்கிள் மணி கேட்டது. பாய் வந்து நின்று பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் மூவருக்கும் பொதுவாக, அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி, அவங்க யாருங்க என்று கேட்டார். பெண்ணின் அப்பா தனக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் பாய் அது" என்றார். "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."