சந்தனம் வைத்த தீர்க்கதரிசிகள்

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் முதலில் கேட்பது பிரிட்ஜின் உறுமல்தான். அது நின்றுபோகும் நேரங்களில் வீடு தாங்க முடியாத அளவுக்கு அமைதியாகிவிடும் என்பதால், அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி உறுமத் தொடங்கும்வரை காத்து நிற்பேன். எண்பதுகளின் நடுவில், சிட்னி வெஸ்ட்மீட்டில், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த ஒரு பழைய செங்கல் பிளாட்டில் அம்மாவும் நானும் மட்டும் குடியிருந்தோம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பின்னேர வேலை. "கதவைத் திறவாதை, அடுப்பைத் தொடாதை" என்ற கட்டளைகளோடு, எட்டு வயதுக்காரியான நான் அவர் வரும்வரை தனியே இருப்பேன். அப்பா யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும்தான் முதலில் விசா கிடைத்தது. தன்னுடையது ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று சொல்லித்தான் அவர் எங்களைக் கட்டுநாயக்காவில் விமானம் ஏற்றினார். அந்த ஆறு மாதம் எப்போதோ கழிந்துவிட்டிருந்தது.

வீட்டில் எனக்குத் துணையென்று இருந்தது ஒரு கலண்டர். முன்பு இருந்தவர்கள் "குசினி" என்று நாங்கள் சொல்லும் சமையலறையின் சுவரில் விட்டுப்போனது, அதுவும் போன வருஷத்தது. பிரான்சில் ஏதோவொரு பழங்காலத் தேவாலயத்து வாசலில் நிற்கும் கற்சிலைகள், மாதத்துக்கு ஒன்றாக, தாடியும் நீண்ட அங்கியுமாகப் பன்னிரண்டு கிழவர்கள். கீழே இருந்த பிரெஞ்சு எங்கள் இருவருக்கும் விளங்காது. "சாமிப் படத்தைக் குப்பையிலை போடக்கூடாது" என்று அம்மா அதைக் கழற்றாமல் விட்டதோடு, வெள்ளிக்கிழமைகளில் அந்தந்த மாதத்துக் கிழவரின் நெற்றியில் சந்தனமும் வைத்தார். இது எந்தச் சாமி என்று கேட்டால், "முகத்தைப் பாத்தால் ஒண்டும் தெரியாது, கையைப் பார்" என்பார்.

கையைப் பார்க்கும் வித்தை எனக்குத் தெரிந்ததுதான். வேல் இருந்தால் முருகன், மோதகம் இருந்தால் பிள்ளையார். தூணில் சுற்றிய பாம்போடு நின்றவர் சந்தேகமில்லாமல் நாகதம்பிரான். மற்றக் கையில் அவர் வைத்திருந்த கற்பலகை எனக்குச் சிலேற்றாகப் பட்டதால், அவரைப் பள்ளிக்கூட வாத்தியாராகவும் ஆக்கிவிட்டேன். தூபக்கால் வைத்திருந்தவர் கோயில் ஐயர், ஆட்டுக்குட்டியைத் தூக்கியிருந்தவர் கோயிலில் கடா வெட்டும் வேள்விக்குப் போகிறவர். எல்லாரிலும் எனக்குப் பிடித்தவர், தன் முன்னால் நின்ற சிறுபையனின் முகத்தை நாடிக்குக் கீழே ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார். மற்றக் கையில் சீப்பு. அப்பாவும் அப்படித்தான் எனக்குத் "தலை இழுப்பார்", ஆடாமல் இருக்க நாடியை இறுக்கிப் பிடித்து, உச்சி பிரித்து, ஒரு மயிர் விலகினாலும் முதலிலிருந்து தொடங்குவார். பையனின் காலில் சுற்றியிருந்தது சப்பாத்துக் கயிறு. கிழவர் அவனைப் பார்க்காமல் மேலே பார்த்தது ஏன் என்றும் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரம் போய்விட்டது, சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு நான் கலண்டரைத் திருப்பவில்லை. "மாதம் முடிஞ்சு போட்டுது, ஒற்றையைத் திருப்பன் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அம்மாவும் களைத்துப்போனார். பின்னேரங்களில் கதிரையை இழுத்துப் போட்டு, அந்த இருவருக்கும் முன்னால் இருந்து பாண் துண்டுக்கு ஜாம் பூசித் தின்றேன். எனக்கு அப்பா வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

மேல் பிளாட்டில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அன்ரி இருந்தார், மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடிக்க வந்தவர் சந்தனப் பொட்டைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ, இவங்க சாமி இல்லலா! தீர்க்கதரிசிங்க. வரப்போறத முன்னாடியே சொன்னவங்க. ஆனா நீங்க பாத்த முறை சரிதான், கையில உள்ளத வெச்சுத்தான் யாருன்னு கண்டுபிடிக்கணும்."

பாம்புக்காரர் மோசே என்றார், ஆட்டுக்குட்டிக்காரர் சாமுவேல் என்றார். நான் பெருமையோடு என் சீப்புக்காரரைக் காட்டினேன்.

"சீப்பா? அது கத்திம்மா. இவரு ஆபிரகாம். மகனப் பலி குடுன்னு கடவுள் சொல்லிட்டாரு. கால்ல கட்டியிருக்கு பாரு, கயிறு."

"சின்னப் பிள்ளைக்கு உதுகளைச் சொல்லாதேங்கோ" என்றார் அம்மா. அன்ரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "வெட்டலம்மா, வெட்டல! தேவதூதன் கூப்பிட்டுத் தடுத்துட்டாரு. மேல பாக்குறாருல்ல, அந்தச் சத்தம் கேட்டுத்தான்."

"தேவதூதன் வராட்டி?" என்று கேட்டேன்.

"அதான் வந்துட்டாருல்ல" என்று சொல்லி அன்ரி கோப்பையை எடுத்துக்கொண்டார்.

அன்று நானே ஒற்றையைத் திருப்பினேன். ஒரு தகப்பன் பிள்ளையைத் தன் கையாலேயே கொடுத்துவிடக் கூடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அப்பாவும் என்னைக் கொடுத்துவிட்டார் என்ற எண்ணம் அதன்பிறகு மனதைவிட்டுப் போகவேயில்லை. கொழும்புக்கு வந்து அவர் எடுக்கும் அழைப்புகளுக்கெல்லாம் "ஓம்", "இல்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியில் அவர் வந்து சேர்ந்தபோது நான் ஹைஸ்கூலில் இருந்தேன், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தேன். மரியாதை தெரிந்த இரண்டு விருந்தாளிகளைப் போல ஒரே வீட்டில் இருக்கப் பழகினோம். ஏன் எங்களோடு வரவில்லை என்று நான் கேட்கவுமில்லை, அவராகச் சொல்லவுமில்லை.

இது 2009. அந்தச் செங்கல் கட்டடத்தை இடித்து, பால்கனிகள் வைத்த உயரமான மாடிவீடு ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அன்ரி ஈப்போவுக்கே திரும்பிப் போய்விட்டார். அம்மா இல்லை. கலண்டர் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சில மாதங்களுக்கு முன், ஊர்ச் செய்தியில், கடைசிச் சண்டைக்குத் தப்பி, கழுத்தளவு தண்ணீருக்குள்ளால் சனம் பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வருவதைக் காட்டினார்கள். இருவரும் சோபாவின் இரண்டு முனைகளிலும் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"கட்டுநாயக்காவிலை உன்ர கையை விட்டுட்டு அப்பிடியே நிண்டனான். ஆராவது வந்து, விடாதை எண்டு மறிப்பினம் எண்டு சுத்திச் சுத்திப் பாத்தனான் பிள்ளை. ஒருத்தரும் வரேல்லை."