தாய்மாமன் உட்காரும் இடம்

பச்சை ஓலை இடுக்கு வழியே இரண்டு விரல்கள் நீண்டு என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தன. என் அக்காவின் மூத்த பிள்ளை வயதுக்கு வந்திருந்த நேரம். சடங்கு வரைக்கும் தனியே இருக்கக் குச்சு கட்டித் தருவது தாய்மாமன் கடமை. காளவாசலில் என் டயர் பட்டறையை அடைத்துவிட்டு, திருநகரில் அக்கா வீட்டு முற்றத்தில் ஓலை கட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, சீர்ல சேலை வைக்காதீங்க. நான் பொம்பளப்பிள்ள இல்ல மாமா. சொன்னா அடிக்கிறாங்க. சேலையக் கட்டி உக்கார வச்சா செத்துருவேன்."

உள்ளே முகம் தெரியவில்லை. விரல்கள் சட்டையை விடவில்லை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பஞ்சர் ஒட்டியே மூன்று மாடி எழுப்பியவன். மதுரையில் லாரி வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் என் பெயரைச் சொல்வார்கள். எந்த டயர் இனித் தாங்காது என்பது தடவிப் பார்த்தாலே தெரியும் எனக்கு. அந்தக் குரலிலும் அதுவே தெரிந்தது. பிள்ளை சொன்னது முழுக்கப் புரிந்ததா என்றால், இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் சனத்தில் இதற்குக் கேலிச்சொல்லைத் தவிர வேறு சொல் கிடையாது.

ஆனால் வழக்கம் எனக்குத் தெரியும். தாய்மாமன் சீரில் வருவதை உடுத்தித்தான் பிள்ளை பந்தலில் உட்கார வேண்டும். பெற்ற அப்பனும் அதை மறுக்க முடியாது. திருநகர் அதுவரை பார்க்காத சீர் கொண்டுபோனேன். மேளம், வெடி, கிடாய், வண்டி வண்டியாகப் பழம். நடுத்தட்டில் சேலை இல்லை. விளக்குத்தூண் பக்கம் நானே எடுத்த நீலச்சட்டையும் கால்சட்டையும் இருந்தன.

"மாப்ள, டவுசரு யாருக்கு, ஒனக்கா?" என்றார் அக்கா வீட்டுக்காரர். பந்தலே சிரித்தது.

"ஒங்க பிள்ளைக்குத்தான் மச்சான். என் சீரு. கொற சொல்றவன் முன்னால வந்து சொல்லட்டும்."

ஒருத்தரும் வரவில்லை. எவனுக்கு இருக்கிறது அந்தத் தைரியம்! பிள்ளை சட்டையோடு வந்து உட்கார்ந்தது. ஆனால் சந்தனம் பூச ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை. அக்காகூடத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் அப்படியே பந்திக்கு நகர்ந்துவிட்டது. காலியான நாற்காலிகளுக்கு எதிரே பிள்ளை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். ஆம், அன்றிலிருந்து எனக்கு அவன் மருமகன்தான்.

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாக. நீங்களும் போங்க மாமா."

நான் போகவில்லை. சந்தனத்தை நானே எடுத்துப் பூசினேன்.

அதற்கப்புறம் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் தனிமைதான். பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சு, வீட்டில் தனித் தட்டு. விசேஷ வீடுகளுக்கு அழைத்துப் போவதில்லை. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ் ஏறினான். பனியன் கம்பெனியில் தையல் வேலை. தலைமுடி வெட்டிக்கொண்டான், தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டான். பேசுவதற்கு அவனுக்கு இருந்தது என் ஒரு நம்பர்தான்.

சில வருடம் கழித்து அவன் தங்கச்சி பெற்ற பிள்ளைக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். "கூடப்பெறந்த ஆம்பள இல்லையே. நீங்களே உக்காருங்க மாமா" என்றாள் தங்கச்சி, என் கண்ணைப் பார்க்காமல்.

கோயில் வேப்பமரத்தடியில் நின்று திருப்பூருக்குப் போன் போட்டேன். "கெளம்பி வாடா. நீ வர்ற வரைக்கும் ஊசிய நிறுத்தி வைக்கிறேன். ஒன் எடம் இது. எவன் தடுக்கிறான்னு நான் பாக்குறேன்."

"வேணாம் மாமா. நான் வந்தா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாக. பிள்ளைக்கு நல்ல நாளு. நீங்க உக்காருங்க. போனை மட்டும் வச்சுறாதீங்க."

செல்போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி இறங்கியதும் பிள்ளை கத்திய கத்தலில் கோயில் புறாக்கள் பறந்தன. முடிந்ததும் ஒதுங்கிப் போய்ப் போனைக் காதில் வைத்தேன்.

"யாத்தே, என்னா கத்து கத்துது!" என்று சிரித்தான்.

"தாய்மாமன் வரலைன்னு அழுகுது" என்றேன்.