தொப்பிக்குள் இருந்த எண்ணெய்

நீச்சல் டீச்சருக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் பத்தொன்பது வருடம் தண்ணீரிலேயே போய்விட்டது. ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு. ஆறு முறை குளோரின் குளத்தில் இறங்கி ஆறு முறை ஏற வேண்டும். வேலையில் சேர்ந்தபோது ஒரு கைக்குள் அடங்காத பின்னல் அவளுடையது. இப்போது அதற்குத் தேங்காய் நார் தேவலை. சீப்பு வைத்தால் பாதி சீப்போடு வந்துவிடும். "தரையெல்லாம் உன் முடிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் எடுக்கும் முதல் பாடமே தலைமுடியைப் பற்றியதுதான்.

"எறங்குறதுக்கு முன்னாடி குழாய்த் தண்ணியில தலைய நல்லா ஊற விடுங்க. முடி நல்ல தண்ணியக் குடிச்சு வயிறு நெறஞ்சிருந்தா, இந்த மருந்துத் தண்ணி உள்ள போக எடமிருக்காது. ஏறின உடனே அலசுங்க. வாரத்துக்கு ஒரு தடவ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணி ஊத்துங்க. ஈரத்தோட சீப்பு வைக்காதீங்க. எண்ணெய் மட்டும் கூடவே கூடாது, குளத்துல படலம் கட்டும்."

பாடத்தில் ஒரு குறையும் இல்லை. சொன்னவளால்தான் செய்ய முடியவில்லை. ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடம். அதற்குள் ஒரு வாய் டீ குடிக்க வேண்டும், வீங்கிய காலைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். ஆறு முறை ஊறவைத்து ஆறு முறை அலச உடம்பில் தெம்பு ஏது? அலுத்துப்போன ஒரு காலையில், உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தலையில் தேய்த்து, ரப்பர் தொப்பிக்குள் அமுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தொப்பிக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? முடி கொட்டுவது கொஞ்சம் குறைந்தது. அன்றிலிருந்து தினமும் அதே வேலை.

இரண்டு வாரம் கழித்து, தண்ணீருக்கு மருந்து போடும் பம்ப் அறைக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"டீச்சர், தண்ணி மேல பாருங்க, மினுமினுன்னு இருக்கு. யாரோ எண்ணெயோட எறங்குறாங்க. மருந்து நிக்கவே மாட்டேங்குது. தினம் கூடப் போட வேண்டியிருக்கு."

மருந்து கூடியதில் பிள்ளைகளின் கண் சிவந்தது. டீச்சருக்கு முடி மறுபடி கொட்டத் தொடங்கியது. அவள் எண்ணெயை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். தன் தொப்பி கசியக்கூடும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. தொப்பியை அவ்வளவு நம்பினாள், மகராசி.

மாலை வகுப்பில் ஒரு தையல்காரம்மா இருந்தார். நாள் முழுக்க மெஷினில் குனிந்து முதுகு போனவர். நீந்தினால் வலி குறையும் என்று டாக்டர் சொல்லி வந்தவர். இடுப்பு வரை முடி, எண்ணெய் வைக்காமலே பளபளக்கும். அந்தப் பளபளப்பே அவருக்கு வினையாயிற்று. பத்துப் பேர் முன்னால் டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது, இல்லையென்றால் பொய்.

"எண்ணெய்த் தலையோட வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"சத்தியமா வைக்கல டீச்சர்."

"பார்த்தாலே தெரியுதே. இதச் சரி பண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் எறங்க வேணாம்."

தையல்காரம்மா முகம் சுண்டிப்போய்த் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் ஆள் வரவில்லை.

"அந்தம்மா வராமலும் படலம் அப்படியேதான் இருக்கு டீச்சர்," என்றார் பம்ப் அறைக்காரர். "மத்த பக்கமெல்லாம் சுத்தம். நீங்க நின்னு சொல்லிக் கொடுக்குற எடத்துலதான் ஜாஸ்தி."

அவர் கபடமில்லாமல்தான் சொன்னார். டீச்சர் தொப்பியின் ஓரத்துக்குக் கீழே பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் வழுக்கியது. உடம்பெல்லாம் கூசிற்று. "அண்ணே, அது நான்தான்" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாள். தையல்காரம்மாவின் நம்பர் பதிவு நோட்டில் இருந்தது. நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் அப்படியே படுத்துத் தூங்கிப்போனாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். எண்ணெய் வைப்பதை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை.

நான்காம் நாள் மாலை தையல்காரம்மா தானே வந்தார். தலைமுடி காதளவுக்கு வெட்டப்பட்டிருந்தது.

"இப்ப எறங்கலாமா டீச்சர்? முதுகு தாங்கல."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் தொப்பியைக் கழற்றினாள். தையல்காரம்மாவின் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள்.

"எண்ணெய் என்னோடதும்மா. உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

தையல்காரம்மா விரலை முகர்ந்து பார்த்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் முடியில்லாத பின்கழுத்தைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"வெட்டுறதுக்கு முன்னாடி மூணு நாள் சோப்புப் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன் டீச்சர். பளபளப்பு போகவே இல்ல."