ஆளே இல்லாதவன் கொண்டுவந்த சரக்கு

மேனாம்பேட்டில் தகரக் கூரை போட்டு எலக்ட்ரானிக் தராசு செய்ய ஆரம்பித்தபோது நான் எட்டாம் வகுப்பு ஃபெயில். கடன் கொடுக்க ஆள் இல்லை, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். அதிலிருந்து மூன்று ஷெட் எழுப்பினேன். பூந்தமல்லி கடைகளில் பாதி என் தராசுதான். கடைசியாகக் கட்டியது, தராசுக்குள் ஓடும் புரோகிராம்களை வைக்கும் கிடங்கு. அது வெளியார் இடத்தில் இருக்கக்கூடாது, என் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நானே. கம்ப்ரஸருக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரை வைத்து அதை அமைத்தவள் என் மருமகள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், இன்ஜினியர்.

ஒரு எழுத்தை மாற்றினாலும் கம்ப்யூட்டரே புரோகிராமைப் புதிதாகக் கட்டிச் சோதித்து, சரியென்றால் பச்சை விளக்கு காட்டும். அதுவரை சரி. ஆனால் திங்கட்கிழமைதோறும் வெளியில் யாரோ எழுதி நாங்கள் எடுத்துப் பயன்படுத்திய புரோகிராம் துண்டுகளின் புதுப் பதிப்புகளும் தானாக வந்து உள்ளே சேர்ந்துகொண்டிருந்தன. பதிவில், செய்தவர் என்று ஒவ்வொரு வாரமும் அதே பேர்.

"யாரும்மா இவன், வாராவாரம் கைய வெச்சிகினு போறான்?"

"ஆள் இல்ல மாமா, அப்டேட் போடுற புரோகிராம்."

"ஆளே இல்லாதவன் எப்டி நம்ம ஊட்டுக்குள்ள பூந்தான்?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஷெட்டில் வெளியிலிருந்து ஒரு போல்ட் வந்தாலும் சிவப்பு ராக்கில் காத்திருக்கும். நான் தொட்டுப் பார்க்காமல் ஸ்டோருக்குள் போகாது.

ஒரு திங்கட்கிழமை, தராசுகள் பேக்கிங்குக்கு நின்றன. புதுப் பதிப்பு ஏறியாயிற்று.

"எல்லாம் பச்சை மாமா, அனுப்பிடலாம்."

"சிக்னல்லகூட பச்ச எரியுது. அதுக்குன்னு பாக்காம பூந்துடுவியா?"

முத்திரை போட்ட பத்துக் கிலோ எடைக்கல்லை நானே தூக்கி வைத்தேன். ஒன்பது கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து கிராம் காட்டியது. இன்னொரு தராசு. அதே ஐந்து கிராம் குறைவு. அவள் சோதனைக்குக் கொடுத்திருந்தவை முழு எண்கள். நிஜத் தட்டிலிருந்து வருவது சில்லறையோடு வரும். ஐந்தைந்து கிராமாகக் காட்டும் தராசில், புதுத் துண்டு அந்தச் சில்லறையை அருகிலுள்ள ஐந்துக்குச் சரிசெய்யாமல் வெட்டி எறிந்திருந்தது. அப்படியே போயிருந்தால், கள்ளத் தராசுக்காரன் என்று ஊரே என் வாசலில் நின்றிருக்கும்.

அவள் எண்ணை இரண்டு முறை படித்தாள். "நான் பாத்திருக்கணும் மாமா" என்றாள். மறுநாளே ஒரு தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். எடைக்கல் வைத்து ஒருவர் பார்த்துச் சம்மதிக்கும்வரை எந்தப் புதுப் பதிப்பும் உள்ளே போகாதபடி பூட்டினாள். கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை.

இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறாள். அங்கே ஒரு கூட்டத்தில் இந்த முறையை விளக்கிய வீடியோவைப் பேரன் காட்டினான். "நாங்க இப்படிப் பண்ணினோம்" என்கிறாள். யார் அந்த நாங்க? கிடங்கில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் செய்தவர் பேர் இருக்கிறது. ஆளே இல்லாத அந்தப் புரோகிராமுக்குக்கூட இருக்கிறது. கல்லைத் தூக்கி வைத்தவன் பேரைத் தேடிப் பார்த்தேன், இல்லை. இதை நீ படிப்பாய் மருமகளே, தெரியும். அந்தத் திங்கட்கிழமைக்குப் பக்கத்தில் என் பேரைப் போடு. இனிஷியலோடு போடு.